பொதுப்பணமும் உடலை மாற்றும் சிகிச்சையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2022 ஜனவரியில் ஐந்தாண்டுகளுக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டின் காலம் முடிவை நெருங்குவதால், எந்தெந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கும் என்ற பட்டியல் மறுபடியும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 31 அன்று திருநருக்கான மாநிலக் கொள்கையும் வெளியாகிவிட்டது. ஒருவர் தம்மை எந்தப் பாலினத்தவராக உணர்கிறாரோ அதற்கேற்ப உடலை மாற்றும் அறுவை சிகிச்சைக்கும், தோற்றத்தை மெருகேற்றும் அழகு அறுவை சிகிச்சைக்கும் மக்களின் வரிப்பணம் செல்லலாமா என்ற கேள்விக்கு இனி அரசு எழுத்துப்பூர்வமாகவே பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில், காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுக்கக்கூடிய செலவினங்களை ஒரே சீரான சொற்களில் வகுத்தபோது, பாலின மாற்றச் சிகிச்சையை ஏழாம் எண்ணிலும் அழகு அறுவை சிகிச்சையை எட்டாம் எண்ணிலும் அடுத்தடுத்து வைத்தது. இரண்டும் விருப்பத்தின்பாற்பட்டவை, இரண்டும் தவிர்க்கத்தக்கவை என்று பொதுவெளியில் நிலவும் எண்ணமே அந்த வரிசையிலும் இடம்பிடித்தது. அந்த எண்ணம் தவறு. முதலாவதற்கு அரசு முழுமையாகப் பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குக் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் சிகிச்சைகளை நேர்மையாகத் தீர்மானிக்க ஒரு வழிமுறை வேண்டும்.

பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தீக்காயம், விபத்து, புற்றுநோய், பிறவிக் குறை ஆகியவற்றால் சிதைந்த உறுப்பை இயன்றவரை பழைய நிலைக்குக் கொண்டுவருவது மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை எனப்படுகிறது. பிளவுபட்ட உதட்டைத் தைத்து இணைப்பதும், தீயில் சுருங்கி ஒட்டிக்கொண்ட கழுத்தை நிமிர்த்துவதும் இதில் அடங்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை, இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய கைகளைத் தொழிலாளர்களுக்கு மீட்டுக் கொடுத்ததன் மூலம் நாடறிந்த ஒன்றானது. இந்த வகைச் சிகிச்சைக்கு அரசு செலவிடுவதை எவரும் எதிர்ப்பதில்லை. அமிலவீச்சுக்கு ஆளானோருக்கு மறுசீரமைப்பு உட்பட முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனைகள்கூடக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இலேயே கூறிவிட்டது.

அழகு அறுவை சிகிச்சை என்பது நோயோ காயமோ இல்லாத உறுப்பின் வடிவத்தை, உடையவரின் விருப்பத்துக்காக மாற்றுவது. மூக்கைக் கூர்மையாக்குவது, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது, வழுக்கையில் முடி நடுவது, முகச் சுருக்கத்தை ஊசியால் மறைப்பது ஆகியவை இதில் சேரும்.

பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை என்பது பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கும் ஒருவர் தம்மை உணரும் பாலினத்துக்கும் இடையே உள்ள முரணைக் குறைப்பதற்காகத் தரப்படுவது. மனநல ஆலோசனை, ஹார்மோன் மருந்துகள், பல கட்டங்களில் நடக்கும் அறுவை சிகிச்சைகள் எல்லாம் சேர்ந்ததே இது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டு ஏட்டில், இந்த முரண் மனநோய்ப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த நிலைகளின் பிரிவில் வைக்கப்பட்டது. ஏட்டிலிருந்தே முற்றிலும் நீக்காததற்குக் காரணம் உண்டு: பெயரில்லாத நிலைக்கு எந்த அரசும் எந்தக் காப்பீடும் சிகிச்சைச் செலவைத் தராது.

ஆனால் இந்த மூன்று பெயர்களும் நோயாளியின் உடலில் கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்பதில்லை. அதிக எடையுள்ள மார்பகத்தால் தோளிலும் முதுகிலும் ஓயாத வலியோடு வாழும் ஒரு பெண்ணுக்கு அதன் அளவைக் குறைக்கும் சிகிச்சை அழகுக்கானதா, வலிக்கானதா? அடையாறு புற்றுநோய் மையத்தில் மார்பகம் அகற்றப்பட்ட பெண்ணுக்குப் புதிய மார்பகம் உருவாக்குவது உயிர் காப்பதற்காக அன்று. ஆயினும் அதை வீண்செலவு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட சட்டம், மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீட்டு நிறுவனம் மறுசீரமைப்புக்கும் பணம் தந்தாக வேண்டும் என்றும், இரு பக்கமும் ஒத்திருப்பதற்காக மறுபக்க மார்பகத்தில் செய்யப்படும் சிகிச்சையும் அதில் அடங்கும் என்றும் கூறுகிறது. அந்தச் சிகிச்சை நோயற்ற ஓர் உறுப்பின் மீது, தோற்றத்துக்காகவே செய்யப்படுவது.

ஆகவே, அறுவை சிகிச்சையின் பெயரை வைத்து அரசுப் பணத்தைத் தருவதோ மறுப்பதோ சரியான அளவுகோல் ஆகாது. அந்தச் சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்த மனிதரின் உடலுக்கும் பிழைப்புக்கும் என்ன நேரும் என்று கேட்பதே நம்பத்தக்க அளவுகோல்.

ஸ்டான்லியில் எழுந்த கேள்வி

இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கச் சென்னையிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. 2018 பிப்ரவரியில், அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கான இலவசச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிவைத்தார். மறுசீரமைப்புடன் அழகு நோக்கிலான மார்பக அறுவை சிகிச்சையும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டதால் செய்தி உலகெங்கும் பரவியது. பணக்காரருக்குக் கிடைக்கும் அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதும், அரசு தராவிட்டால் மக்கள் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ அதைத் தேடிக்கொள்வார்கள் என்பதும் அமைச்சர் தரப்பின் வாதங்கள். பொது சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் எஸ். இளங்கோவோ, உயிர்காக்கும் சிகிச்சையிலிருந்து அரசின் கவனம் அழகை நோக்கி நகர்வதாக வருத்தம் தெரிவித்தார்.

இரு தரப்பும் சொன்னவற்றில் உண்மை உண்டு. ஏழைப் பெண்ணுக்கும் தன் உடல் குறித்த தன்மதிப்பு உண்டு என்பதை ஓர் அமைச்சர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது மதிக்கத்தக்கது. அந்தப் பிரிவுக்கு வரக்கூடியவர்களில் பலருக்கு வலியோ, பிறவியிலேயே இரு பக்கமும் ஒவ்வாத வளர்ச்சியோ, புற்றுநோய்க்குப் பிந்தைய இழப்போ இருந்திருக்கும்; அவர்களுக்கு அங்கே சிகிச்சை கிடைப்பது நியாயமே.

என்றாலும், கடன் வாங்கி அழகு சிகிச்சைக்குப் போவார்கள் என்ற வாதம் அரசு பணம் கொடுப்பதற்கான காரணமாகாது. கடனும் ஆபத்தும் தனியார் சந்தை கட்டுப்பாடின்றி இயங்குவதால் வருபவை. கட்டுப்பாடு விதிப்பதே அதற்கு மருந்து. தியாகராய நகரிலும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் முடி நடுவதற்கும், கொழுப்பைக் கரைப்பதற்கும், தோலை வெளுக்கச் செய்வதற்கும் அழைக்கும் விளம்பரப் பலகைகள், நகைக்கடைப் பலகைகளுக்குப் போட்டியாக நிற்கின்றன. மாதத் தவணையில் கட்டலாம் என்ற வாசகம் அவற்றில் பலவற்றில் இருக்கிறது. சிகிச்சை செய்பவர் யார், அவருக்கு என்ன தகுதி, அவசர நிலை ஏற்பட்டால் உயிர் காக்கும் வசதி உண்டா என்ற விவரங்களை அவற்றில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

விளைவும் கண்முன்னே நடந்திருக்கிறது. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார். 2024 ஏப்ரலில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் முடி நடுதல் உள்ளிட்ட அழகியல் சிகிச்சைகளை யார் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கிறது. இவற்றைச் செயல்படுத்த ஆகும் செலவு, இலவச அழகு சிகிச்சைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. காப்பாற்றப்படும் உயிர்களோ அதிகம்.

பிரேசில் நாட்டின் அனுபவமும் இங்கே பயன்படும். ரியோ டி ஜெனிரோவில் இவோ பிட்டாங்கி என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், 1961இல் நடந்த சர்க்கஸ் கூடாரத் தீ விபத்தில் வெந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர், பின்னர் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் ஏழைகளுக்கு அழகு அறுவை சிகிச்சையையும் குறைந்த செலவில் கொண்டுவந்தார். அழகு செல்வர்களுக்கு மட்டும் உரியதன்று என்ற அவருடைய நம்பிக்கை உளமார்ந்தது. ஆனால் ஏழைகளின் உடல்களே இளம் மருத்துவர்களின் பயிற்சிக் களமாக மாறிவிட்டன என்ற விமர்சனமும் அங்கே எழுந்தது. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னே யார் யாரிடம் கைபழகுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அரசு கைவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்?

அமைச்சரின் அதே வாதத்தை, அதாவது அரசு தராவிட்டால் மக்கள் ஆபத்தான வழிக்குப் போவார்கள் என்பதை, திருநங்கையரின் வாழ்க்கையில் பொருத்திப் பார்த்தால் அதன் எடையே மாறிவிடுகிறது. மூக்கை மாற்றிக்கொள்ள முடியாத ஒருவர் பெரும்பாலும் பழைய மூக்கோடு வாழ்வார். தம் உடலைத் தம்முடையதாக உணர முடியாத திருநங்கை அப்படி இருந்துவிடுவதில்லை. மருத்துவமனை மூடியிருந்த காலத்திலெல்லாம் அவர் வேறு கதவைத் தட்டியிருக்கிறார்.

அந்தக் கதவுகளைப் பற்றிய சான்றுகள் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் வெளியிட்ட தன்வரலாறான ‘நான், சரவணன் வித்யா’, கடப்பாவில் அவருக்கு நடந்த அறுவை சிகிச்சையின் வேதனையைப் பதிவுசெய்கிறது. அ. ரேவதியின் தன்வரலாறும் அப்படியொரு வேதனையைச் சொல்கிறது. திருநங்கையர் நிர்வாணம் என்று அழைக்கும் ஆணுறுப்பு நீக்கத்தை, மருத்துவப் படிப்பே இல்லாத மூத்த திருநங்கையர் மயக்கமருந்தின்றிச் செய்யும் முறைக்குத் தாயம்மா நிர்வாணம் என்று பெயர். இரத்தப்போக்காலும் சீழ் பிடித்ததாலும் அதில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை. அவர்களுள் பலருக்கு இறப்புச் சான்றிதழில் எழுத ஒரு குடும்பமும் இருந்ததில்லை.

இந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே எழுந்தது. 2006 டிசம்பர் அரசாணை, திருநங்கையரின் நலனுக்கான வழிகளை வகுத்தது. 2008 ஏப்ரல் 15 அன்று அவர்களுக்கான நலவாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லா அறுவை சிகிச்சையும் அந்த ஆண்டுகளிலேயே தொடங்கியது. ஆறாண்டு கழித்து அதே ஏப்ரல் 15 அன்று, 2014இல், நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு வழங்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திருநரின் உரிமைகளை அரசியல் சட்டத்தின் அடிப்படையில் உறுதிசெய்தது. அறுவை சிகிச்சை செய்தால்தான் பாலின அடையாளத்தை ஏற்போம் என்று வற்புறுத்தக் கூடாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. உரிமை என்பது சிகிச்சை பெறுவதற்கு மட்டுமன்று, சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்கும் உரியது.

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, முன்னும் பின்னுமான ஆலோசனை ஆகியவற்றை வழங்குவது அரசின் கடமை என்றது. லேசர் சிகிச்சைக்கும் காப்பீடு வேண்டும் என்று அதே பிரிவு கூறுவது கவனிக்கத்தக்கது. முகத்தில் முளைக்கும் மயிரை நீக்கும் லேசர், தி.நகர் விளம்பரப் பலகையில் அழகுச் சேவை. நாள்தோறும் முகம் மழித்துக்கொண்டு பேருந்தில் ஏறும்போது கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் திருநங்கைக்கு அது பாதுகாப்பு. கருவி ஒன்றுதான், தேவை வேறு. சட்டம் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டார்கள் என்பது பாராட்டுக்குரியது.

கத்திக்கு முன்னும் பின்னும்

அப்படியானால் தமிழ்நாட்டில் குறை என்ன? சென்னைவாசிகள் ஜி.எச். என்று அழைக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பாலின வழிகாட்டு மையம் இயங்குகிறது; மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் ஒன்று உண்டு. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறுபவர் பூங்கா நகர் நிலையத்தில் இறங்கி நடந்தே ஜி.எச்.சை அடைந்துவிடலாம். தருமபுரியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வருபவருக்கு ஒவ்வொரு ஆலோசனைக்கும் ஓர் இரவுப் பயணமும் ஒரு நாள் கூலியும் போகிறது.

பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை ஒரு நாளில் முடியும் வேலை அன்று. மனநல மருத்துவரின் மதிப்பீடு, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையில் மாதக்கணக்கில் ஹார்மோன், இரத்தப் பரிசோதனைகள், அதன் பிறகே கத்தி. உறுப்பு மாற்றத்துக்குப் பின் புதிய உறுப்பு சுருங்கிவிடாமல் இருக்க மாதக்கணக்கில் பயிற்சியும், வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மருந்தும் தேவைப்படுகின்றன. அரசு இதுவரை கவனம் செலுத்தியது பெரும்பாலும் அறுவை அரங்குக்குள் நடப்பதில் மட்டுமே.

ஹார்மோன் தொடர்ந்து கிடைக்காதபோது மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாமே அளவு தீர்மானித்து விழுங்குவது திருநங்கையரிடையே பழகிப்போன வழக்கம். கூடுதல் ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாயில் உறைகட்டியை உண்டாக்கக்கூடும். திருநம்பியர், அதாவது பெண்ணாகப் பிறப்பில் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்வோர், கண்காணிப்பின்றி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் இரத்தம் தடித்துப் போகும். சில நூறு ரூபாய் மருந்தையும் ஓர் இரத்தப் பரிசோதனையையும் தவறவிட்டு, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் லட்சக்கணக்கில் செலவழிக்கும் நிலைக்கு அரசே வழிவகுத்துக்கொள்கிறது.

திருநம்பியரின் நிலை இன்னும் பின்தங்கியது. நலத்திட்டங்கள் திருநங்கையரை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டதால், மார்பக நீக்கம், கருப்பை நீக்கம், பல கட்டங்களில் நடக்கும் உறுப்பு உருவாக்கம் ஆகியவை பேச்சில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. வீட்டைவிட்டு வெளியேறிய திருநங்கைக்கு ஜமாத் என்ற சமூக அமைப்பும், மகளாக ஏற்கும் ஒரு தாயும் இருப்பார். அறுவைக்குப் பின் நாற்பது நாள் பார்த்துக்கொண்டு, பால் ஊற்றும் சடங்கு நடத்தி மகிழ ஆட்கள் இருப்பார்கள். திருநம்பிக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. வாடகை அறையில் தனியே படுத்துக்கொண்டு தையல் ஆறக் காத்திருக்கும் அவரைப் பற்றி எந்தக் காப்பீட்டுப் பட்டியலும் யோசித்ததில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் பாலின அறுவை சிகிச்சை பெரும்பாலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறையின் பொறுப்பில் வருகிறது. விபத்தில் கை நசுங்கியவரும் தீயில் வெந்தவரும் அதே துறையின் அதே மேசைக்குத்தான் வருகிறார்கள். அவசரம் வரும்போதெல்லாம் திருநரின் தேதி தள்ளிப்போகிறது. அவசரத்துக்கு முன்னுரிமை தருவதில் மருத்துவர்மீது குற்றமில்லை. தனியாக ஒரு மேசையும் அதற்கான மயக்கவியல் மருத்துவரும் இல்லாததே குற்றம். இதே நெருக்கடிதான் அழகு அறுவை சிகிச்சையை இலவசமாக்கக் கூடாது என்பதற்கும் வலுவான காரணம். அரசு மருத்துவமனையில் பணத்தைவிட அரிதானது அறுவை அரங்கின் நேரம்.

மறுப்போரின் கேள்விகள்

எதிர்ப்பவர்களின் கேள்விகளை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. டயாலிசிஸ் மேசைக்கு முன்னால் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுநீரக நோயாளியின் மகன் இந்தச் செலவு தேவையா என்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் கணக்கில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் அல்லாத மற்றவர் என்ற பிரிவில் பதிவானோர் 22,364 பேர். உண்மை எண்ணிக்கை அதைவிடக் கூடுதல் என்று கொண்டாலும், அனைவரும் அறுவை சிகிச்சையை நாடுவதில்லை. ஆண்டுக்கு 500 பேருக்குத் தலா 3 லட்சம் ரூபாய் செலவாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 15 கோடி. மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 21,900 கோடி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாத இந்தத் தொகையால் எந்த டயாலிசிஸ் கருவியும் நிற்கப்போவதில்லை.

நலமான உறுப்பை வெட்டி எறிய அரசு துணைபோவதா என்பது அடுத்த கேள்வி. சிகிச்சை பெற்றோர் பிற்பாடு வருந்துகிறார்களா என்று பார்ப்பதே இதற்கு நேர்மையான சோதனை. 2021இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 27 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 7,900 பேரை எடுத்துக்கொண்டு, வருந்தியோர் சுமார் 1 சதவீதம் என்று கண்டது. அந்த ஆய்வுகளில் பலவற்றின் தொடர்கண்காணிப்புக் காலம் போதாது என்ற விமர்சனமும் பொருட்படுத்தத்தக்கதே. அதனால்தான் தமிழ்நாடு தன் நோயாளிகளின் நிலையைத் தானே பதிவுசெய்து வர வேண்டும்.

சிறுவர்களைப் பற்றிய அச்சம் வேறு. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் வெளியான காஸ் அறிக்கை, வயதுக்கு வராதோருக்கான பருவத் தடுப்பு மருந்துகளின் சான்றுகள் வலுவற்றவை என்று கூறியதைக் காட்டி, வயதுவந்தோருக்கான சிகிச்சையையும் நிறுத்தக் கோருவோர் உண்டு. அந்த அறிக்கையின் பொருள் சிறார் சிகிச்சை. 18 வயது நிரம்பியவர், ஆலோசனைக்குப் பின், தெளிந்த மனத்துடன் எடுக்கும் முடிவே இங்கே பேசப்படுவது.

ஒப்புதல் தர இயலாதவரின் உடலைத் தொடக் கூடாது என்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடப் பெற்றோரின் விருப்பப்படி செய்யப்பட்டுவந்த அறுவை சிகிச்சையைத் தடுக்குமாறு, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் அதைத் தடைசெய்து மாநில அரசு அவ்வாண்டிலேயே ஆணை பிறப்பித்தது. கேட்காத குழந்தைக்குக் கத்தி வைக்கத் தடை, கேட்கும் வயதுவந்தவருக்குச் சிகிச்சை தரக் கடமை என்ற இரண்டும் ஒரே நீதியிலிருந்து பிறப்பவை.

சிகிச்சை தரும் அந்தக் கடமை குறித்து இங்கிலாந்தில் ஒரு வழக்கு 1999இல் முடிவுக்கு வந்தது. லங்காஷயர் பகுதியின் சுகாதார நிர்வாகம் பாலின மாற்றச் சிகிச்சைக்குப் பணம் தர ஏறத்தாழ முற்றிலுமாக மறுத்தபோது, நோயாளி ஒவ்வொருவரின் தேவையையும் பார்க்காமல் ஒட்டுமொத்தமாக மறுப்பது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்த பின்னும் அங்கே முதல் ஆலோசனைக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. உரிமையை எழுதிவைத்துவிட்டு மேசையும் மருத்துவரும் ஒதுக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்டியலில் எழுதப்பட வேண்டியவை

புதிய காப்பீட்டுப் பட்டியலில் திருநங்கை, திருநம்பி இருவருக்குமான சிகிச்சைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். பொதுவான ஒற்றை வரி போதாது. பெயரில்லாத சிகிச்சைக்குக் காப்பீட்டு அலுவலகம் பணம் தர மறுக்கும்போது வாதாட ஏழை நோயாளியிடம் ஒன்றும் இருக்காது. ஹார்மோன் மருந்து, அதற்கான இரத்தப் பரிசோதனை, சட்டம் கூறும் லேசர் சிகிச்சை, அறுவைக்குப் பின் எழும் சிக்கல்களுக்கான மறுசிகிச்சை ஆகியவையும் அதில் சேர வேண்டும். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது இந்தத் திட்டம் என்பதால், குடும்பத்தால் விலக்கப்பட்ட திருநரைத் தனி நபராக ஏற்று, பெற்றோரின் குடும்ப அட்டையையோ வருமானத்தையோ கேட்காமல் அட்டை வழங்க வேண்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஹார்மோன் மருந்தும் பரிசோதனையும் கிடைக்கச் செய்தால், சென்னைக்கும் மதுரைக்கும் வருவது அறுவைக்கு மட்டும் என்ற நிலை வரும். அந்த இரு மையங்களிலும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் பாலின அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு மேசையை ஒதுக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் திருநருக்கெனத் தொடங்கப்பட்ட அரண் இல்லங்களில், அறுவைக்குப் பின் ஓய்வெடுக்கச் சில படுக்கைகளை ஒதுக்கினால் வாடகை அறையில் தனித்துக் கிடப்பவருக்குப் புகலிடம் கிடைக்கும். ஓய்வுக் காலத்துக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட நலவாரியம் உதவித்தொகை தரலாம்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பணம் தரும் இடத்திலேயே மார்பக மறுசீரமைப்புக்கும் பணம் உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ அடையாறு புற்றுநோய் மையத்திலோ சிகிச்சை பெறும் பெண், அந்தச் செலவுக்காக இன்னொரு மனு எழுதும் நிலை இருக்கக் கூடாது.

நடுவில் கிடக்கும் சிகிச்சைகளுக்கு, மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரி, மனநலம், நோயாளியின் குறை சார்ந்த துறை ஆகியவற்றிலிருந்து மூவர் கொண்ட குழு முடிவெடுக்கலாம். வலி, இயக்கக் குறைபாடு, தொழிலுக்கு ஏற்படும் தடை, மனநலப் பாதிப்பு ஆகிய அளவுகோல்களை முன்கூட்டியே தமிழில் வெளியிட்டு, 60 நாட்களுக்குள் எழுத்தில் காரணத்தோடு பதில் தர வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களுள் ஒன்றிலும் அடங்காத அழகு அறுவை சிகிச்சைக்கு வரிப்பணம் வேண்டாம். பயிற்சித் தேவைக்காக அரசு மருத்துவக் கல்லூரிகள் அதைச் செய்வதானால், கட்டணப் பிரிவில், அடக்க விலைக்கு, மூத்த மருத்துவரின் கையாலோ நேரடி மேற்பார்வையிலோ செய்யட்டும். அந்த வருவாய் அதே துறையின் தீக்காயப் பிரிவுக்குப் போகட்டும். தனியார் அழகுச் சிகிச்சை நிலையங்கள் மருத்துவரின் பெயரையும் பதிவெண்ணையும் தகுதியையும் வாசலிலும் விளம்பரத்திலும் எழுதவும், மயக்கமருந்து தரும் இடத்தில் உயிர்காக்கும் கருவிகளும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்கவும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கண்டிப்பான சோதனை நடக்க வேண்டும். தி.நகரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, எத்தனை பேருக்குச் சிக்கல் எழுந்தது என்ற எண்ணிக்கையைச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் பெயர் விவரங்களின்றி வெளியிட வேண்டும். அந்த எண்கள் பொதுவெளியில் இருந்தால்தான் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஊகத்தை விட்டுவிட்டு உண்மையைப் பேச முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, புதிய சிகிச்சைப் பட்டியலின் வரைவைத் தமிழில் வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த வரைவைப் படித்துக் கருத்து எழுதுவோரில் திருநரும் அவர்களுக்காகப் போராடுவோரும் மட்டும் இருந்தால் போதாது. காப்பீட்டு அட்டை தேவைப்படாத மயிலாப்பூர், அடையாறு வாசகர்களும் எழுத வேண்டும்.